அணைந்த ஊதுலையில் ஒரு நைட் ஷிஃப்ட்: டூயிஸ்பர்க் இரும்பாலையை இருட்டில் சுற்றிப் பார்ப்பது எப்படி?

இரும்புக் கனிமத்தை உருக்கி இரும்பு வடிக்கும் ஊதுலைக்கு இரவு பகல் கிடையாது. ஒருமுறை மூட்டிவிட்டால் உட்சுவரின் தீச்செங்கல் தேய்ந்து தீரும்வரை வருடக்கணக்கில் எரிந்துகொண்டே இருக்கும். கிறிஸ்துமஸ் அன்றும் எரியும். வேலைநிறுத்தம் என்றால் காற்றைக் குறைத்து உயிரை மட்டும் பிடித்து வைப்பார்கள். ஏற்பாடில்லாமல் நடுவில் அணைந்துபோனால் உள்ளே இருக்கும் இரும்பும், அதோடு உருகி நிற்கும் கழிவான கசடும் உறைந்து ஒரே பாறையாகிவிடும். அதைக் குடைந்தெடுத்து மறுபடி மூட்டுவது பெரும்பாடு. அதனால் ஜெர்மனியின் ரூர் பகுதியில் நூறாண்டுக்கு மேல் முழு இருட்டு என்ற ஒன்றை யாரும் பார்த்ததில்லை. எங்காவது ஓர் ஆலையில் இரும்பு வடிப்பார்கள், எங்காவது கசடு கொட்டுவார்கள், வானம் சிவக்கும்.

டூயிஸ்பர்க் நகரின் மைடரிச் இரும்பாலையில் இருட்டிய பிறகு நடத்தும் வழிகாட்டிச் சுற்றுகளை இந்தப் பின்னணியில் பார்த்தால்தான் புரியும். 1985-ல் மூடப்பட்ட ஆலை இது. இன்று லாண்ட்ஷாஃப்ட்ஸ்பார்க் டூயிஸ்பர்க்-நோர்ட் என்ற பெயரில் ஏறக்குறைய 180 ஹெக்டேர், அதாவது 440 ஏக்கருக்கும் மேல் விரிந்த பூங்கா. நுழைவுக் கட்டணம் இல்லை. வார இறுதி இரவுகளில் உலைகளும் புகைபோக்கிகளும் பச்சை, நீலம், சிவப்பு என்று ஒளிர்வதைப் படங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அழகான படங்கள்தான். ஆனால் வண்ண விளக்கு ஆலையை அழகாக்கும், விளக்கிச் சொல்லாது. அந்த இரும்புக் காட்டில் எது எதற்கு என்று புரிய வைப்பது நடக்கும் வரிசை. அந்த வரிசையைச் சரியாகப் போடும் வழிகாட்டியுடன் போனால், பகலில் மூன்று மணி நேரம் சுற்றியும் பிடிபடாதது இரவில் ஒன்றரை மணி நேரத்தில் பிடிபடும். ஏன் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

ஆலை பிழைத்த கதை

அகஸ்ட் தைசன் 1901-ல் இந்த ஆலையைத் தொடங்கினார். 1903-ல் முதல் உலை எரிந்தது. மொத்தம் ஐந்து உலைகள் இருந்தன. இன்று நிற்பவை 1, 2, 5. மற்ற இரண்டும் ஆலை ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே இடிக்கப்பட்டன. பெரிய உலைகள் ஒரே வகை இரும்பை மலைமலையாக வடித்துக்கொண்டிருந்தபோது, மைடரிச்சில் வாடிக்கையாளர் கேட்ட கலவையில் சிறப்பு வகைக் கச்சா இரும்பு தயாரித்தார்கள். அதனால் ரூர் பகுதியின் மருந்துக்கடை என்று இதற்கொரு செல்லப்பெயர். மூடும்வரை வடித்த இரும்பு 3.7 கோடி டன்.

நவீனமான ஐந்தாம் உலை 1970-களில்தான் கட்டப்பட்டது. பத்துப் பன்னிரண்டு வருடம்கூடச் சரியாக ஓடவில்லை. ஐரோப்பாவில் உருக்கு தேவைக்கு மேல் குவிந்து, எந்த நாடு எவ்வளவு உற்பத்தி செய்யலாம் என்று ஒதுக்கீடு வந்த காலம் அது. 1985 ஏப்ரல் 4-ம் தேதி கடைசி உலையும் நின்றது. இடிப்பதுதான் முதல் யோசனை. அக்கம்பக்கத்து மக்களும் தொழில் மரபு ஆர்வலர்களும் எதிர்த்தார்கள். அதே சமயத்தில் ரூர் பகுதியைச் சீரமைக்க ஐபிஏ எம்ஷர் பார்க் என்ற பத்தாண்டுத் திட்டம் (1989–1999) வந்து சேர்ந்தது. அதன்கீழ் நடந்த வடிவமைப்புப் போட்டியில் ஐந்து குழுக்கள் பங்கேற்றன. வென்றவர் நிலவடிவமைப்பாளர் பீட்டர் லாட்ஸ். 1994-ல் பூங்கா திறக்கப்பட்டது.

லாட்ஸ் ஆலையைப் பழுதுபார்த்துப் புதுசாக்கவில்லை. ஆபத்தானதை அகற்றினார், நிற்பதை நிற்க விட்டார், பயன்படக்கூடியதற்கு வேறு வேலை கொடுத்தார். கனிமத் தூளைச் சுட்டுக் கட்டியாக்கும் சின்டர் ஆலை நச்சு ஏறிக் கிடந்தது, அதை இடித்தார்கள். மாசுபட்ட பொருளை வெளியே எங்கோ கொட்டாமல் அங்கேயே பழைய பங்கர்களுக்குள், அதாவது மூலப்பொருள் சேமித்த கிடங்குகளுக்குள் அடைத்து மூடினார்கள். சாக்கடையாக ஓடிய பழைய எம்ஷர் ஆற்றின் கழிவுநீரை நிலத்தடிக் குழாய்க்கு மாற்றி, மேலே மழைநீர் ஓடும் கால்வாய் அமைத்தார்கள். கனிமம் கொட்டிவைத்த பங்கர்களின் கனத்த கான்கிரீட் சுவரில் இன்று மலையேற்றக் கழகத்தார் ஏறிப் பழகுகிறார்கள். 45 மீட்டர் விட்டமுள்ள வாயுத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, 13 மீட்டர் ஆழத்துக்கு ஸ்கூபா பயிற்சி தருகிறார்கள். உள்ளே இருப்பது இரண்டு கோடி லிட்டருக்கு மேல். வார்ப்பு மேடையில் கிடந்த 49 இரும்புத் தகடுகளைச் சதுரமாக அடுக்கி ஒரு முற்றம் போட்டிருக்கிறார்கள். பியாட்ஸா மெட்டாலிக்கா என்று பெயர். ஒவ்வொன்றும் 2.2 மீட்டர் நீள அகலம். பல வருடம் உருகிய இரும்பின் சூடு பட்டு அரித்த தழும்பு அவற்றில் அப்படியே தெரியும்.

எஸ்ஸன் நகரத்து ஸோல்ஃபெரைன் நிலக்கரிச் சுரங்கம் எடுத்தது நேர்மாறான வழி. 2001-ல் உலக மரபுச் சின்னமான அந்த இடத்தில் நிலக்கரி கழுவும் கட்டடத்தையே அருங்காட்சியகமாக்கினார்கள். அருங்காட்சியகம் என்றால் உள்ளே சீரான வெப்பம் வேண்டும், ஈரப்பதம் கட்டுக்குள் இருக்க வேண்டும், தீயணைப்பு விதிப்படி வெளியேறும் படி வேண்டும். இயந்திரங்களுக்காகக் கட்டிய மெல்லிய செங்கல் சுவர் இதற்கெல்லாம் தாங்காது. சுவருக்குக் காப்பு அடுக்கு ஏற்ற வேண்டியிருந்தது. வெளித்தோற்றம் பழையது, உள்ளே முழுக்கப் புதுக் கட்டடம் என்று குறை சொன்னவர்கள் உண்டு. குறை நியாயமானதே, ஆனால் மழைக்கு ஒதுங்கி, கதகதப்பாக, சக்கர நாற்காலியிலும் சுற்றிப் பார்க்க முடிகிறது என்றால் அது இந்தச் செலவால்தான். டூயிஸ்பர்க்கில் பெரும்பகுதி திறந்தவெளி. மழை பெய்தால் நனைய வேண்டும், உயரத்துக்கு ஏற முடியாதவர்கள் கீழேயே நிற்க வேண்டும். மரபைக் காப்பதில் எந்த வழியைப் பிடித்தாலும் யாரோ ஒருவர் வெளியே நிற்கத்தான் செய்கிறார்.

உலையைத் தேடாதீர்கள், காற்றைத் தேடுங்கள்

முதல்முறை வருகிறவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்துக் கேட்பது, "இதில் உலை எது?" என்பதுதான். நியாயமான கேள்வி. கண்ணில் படுவதில் முக்கால்வாசி குழாய். உலை நடுவில் ஒளிந்துகொண்டிருக்கும்.

காரணம் கணக்கில் இருக்கிறது. ஒரு டன் கச்சா இரும்புக்கு ஏறத்தாழ 1.6 டன் இரும்புக் கனிமம், அரை டன் அளவுக்குக் கற்கரி (நிலக்கரியைச் சுட்டுச் செய்யும் எரிபொருள்), கொஞ்சம் சுண்ணாம்புக்கல் வேண்டும். இது எல்லோருக்கும் தெரிந்தது. தெரியாதது, அதோடு ஊதப்படும் காற்றின் எடை. அதுவும் ஒன்றரை டன்னைத் தொடும்; கனிமத்தின் எடைக்கு ஏறக்குறைய சமம். உள்ளே போன காற்று கற்கரியோடு எரிந்து, மேலே வரும்போது இன்னும் கனத்த வாயுவாக, ஒரு டன் இரும்புக்கு 1,500 கனமீட்டருக்கும் மேல் வெளியேறும். திடப்பொருளைத் தூக்கிக்கொண்டுபோக ஒரு சாய்வுத் தூக்கி போதும். காற்றையும் வாயுவையும் அடக்கி, சூடாக்கி, சுத்தம் செய்து, மறுபடி பயன்படுத்தத்தான் மீதி ஆலை முழுவதும்.

ஆகவே நல்ல சுற்று நான்கு பாதைகளாகப் பிரியும்.

முதலில் கல். பங்கர்களிலிருந்து எடைபோடும் வண்டி கனிமத்தையும் கற்கரியையும் அளந்து வாங்கும். சாய்வுத் தூக்கி அதை உச்சிக்குக் கொண்டுபோகும். உச்சியில் மணி வடிவ மூடி ஒன்றின்கீழ் ஒன்றாக இரண்டு. மேல் மூடி திறந்தால் கீழ் மூடி மூடியிருக்கும், கீழ் மூடி திறந்தால் மேல் மூடி மூடியிருக்கும். சரக்கு உள்ளே போக வேண்டும், வாயு வெளியே வரக்கூடாது. அதற்குத்தான் இந்த ஏற்பாடு.

இரண்டாவது காற்று. உலை பக்கத்தில் குவிமாடத் தலையோடு நெடுநெடுவென்று நிற்கும் உருளைகள்தான் கௌப்பர்கள். ஆங்கிலேயப் பொறியாளர் எட்வர்ட் ஆல்ஃபிரட் கௌப்பர் 1857-ல் காப்புரிமை பெற்ற யோசனை. உருளை முழுக்கத் துளைபோட்ட செங்கல் அடுக்கு. உலையிலிருந்து வந்த வாயுவை அதில் எரித்துச் செங்கலைப் பழுக்கக் காய்ச்சுவார்கள். பிறகு வாயுவை அடைத்துவிட்டு, அதே செங்கல் வழியாகக் குளிர்ந்த காற்றை அனுப்பினால் 1,000 டிகிரிக்கு மேல் சூடேறி உலைக்குள் பாயும். ஒன்று சூடு கொடுக்கும்போது மற்றவை சூடேறிக்கொண்டிருக்க வேண்டும் என்பதால் ஓர் உலைக்குக் குறைந்தது மூன்று கௌப்பர்கள் தேவை. கௌப்பரை எண்ணினால் உலையைக் கண்டுபிடித்துவிடலாம்.

மூன்றாவது வாயு. உச்சியிலிருந்து கீழ்நோக்கி வளைந்து வரும் யானைத் தடிமன் குழாய் இதற்கு. தூசு படியும் குண்டுத் தொட்டி, கழுவும் கோபுரம், பிறகு வாயுத் தொட்டி. சுத்தமான வாயுவில் ஒரு பங்கு கௌப்பருக்கு, இன்னொரு பங்கு மின் நிலையத்துக்கு. கிராஃப்ட்ஸென்ட்ராலே என்ற அந்தக் கூடத்தின் நீளம் 170 மீட்டர். இன்று கச்சேரியும் கண்காட்சியும் நடக்கும் இடம். ஆலை இருந்த காலத்தில் உலை வாயுவில் ஓடிய பிரம்மாண்ட இயந்திரங்கள் அங்கே மின்சாரம் எடுத்தன. இந்த வாயுவில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, வாசனையில்லை; ரத்தத்தில் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். உருகிய இரும்பைக் கண்டு பயந்ததைவிட உலைக்காரர்கள் கண்ணுக்குத் தெரியாத இந்த வாயுவுக்குத்தான் அதிகம் பயந்திருப்பார்கள்.

நான்காவது இரும்பு. கடைசியாகத்தான் வார்ப்புக் கூடத்துக்குப் போக வேண்டும். உலையின் அடிவயிற்றைச் சுற்றி ஒரு வளையக் குழாய். அதிலிருந்து செம்பு முனைகள் வழியே சூடான காற்று உள்ளே ஊதும். செம்பு உருகாமல் இருப்பது அதற்குள் சதா ஓடும் தண்ணீரால். ஒவ்வொரு முனைக்கும் பின்னால் சிறு கண்ணாடிக் கண் உண்டு. அதன் வழியே பார்த்து, உள்ளே எரிவது சரியா என்று அனுபவஸ்தர்கள் சொல்லிவிடுவார்கள். சில மணி நேரத்துக்கு ஒருமுறை களிமண் அடைத்த துவாரத்தைத் துளைப்பார்கள். 1,450 டிகிரிக்கு மேல் சூடான இரும்பு மணல் வாய்க்காலில் ஓடும். கசடு லேசானது, மேலே மிதக்கும். வாய்க்காலுக்குக் குறுக்கே ஒரு தடுப்பு: இரும்பு அதன் அடியால் போய்விடும், கசடு முட்டிப் பக்கத்து வாய்க்காலில் திரும்பிவிடும். வடித்து முடித்ததும் பீரங்கி போன்ற கருவி துவாரத்தில் களிமண்ணைத் திணித்து அடைக்கும்.

கல், காற்று, வாயு, இரும்பு. இந்த வரிசை புரிந்தவருக்குக் குழாய்க் காடு தெரு வரைபடம்போல் ஆகிவிடும். பல சுற்றுகள் 1901-ல் தொடங்கி 1985-ல் முடிகின்றன. ஆண்டு வரிசை கேட்க எளிது, ஆனால் கட்டடத்தோடு ஒட்டாது. கண் முன்னால் நிற்கும் கௌப்பரை விட்டுவிட்டு, உலகப் போர்க் காலத்து உற்பத்தியைப் பற்றிப் பேசினால் கேட்பவர் கைபேசியை எடுத்துவிடுவார்.

இருட்டு செய்யும் உதவி

பகலில் ஆலையோடு போட்டி போடும் விஷயங்கள் ஏராளம்: மரங்கள், சைக்கிள்கள், பிர்ச் தோப்பு, தூரத்து நெடுஞ்சாலை. இருட்டினால் அவையெல்லாம் மறைந்துவிடும். ஒளி விழுகிற இடம்தான் இருக்கிற இடம். 1996 டிசம்பரில் பிரிட்டிஷ் வடிவமைப்பாளர் ஜொனதன் பார்க் இங்கே ஒளியமைப்பைச் செய்தார். பெரிய ராக் கச்சேரிகளுக்கு மேடை போட்டுப் பழகியவர். அந்தக் கை இதில் தெரியும்: வெளியிலிருந்து பளீரென்று அடிக்காமல், உள்ளிருந்தும் அடியிலிருந்தும் ஒளியைக் கிளப்பியிருக்கிறார். பகல் வெயிலில் நிழலாகக் கிடக்கும் அடிவயிறுகள் இரவில் வெளிச்சமாகும். பகலில் மினுங்கும் மேற்புறங்கள் இருட்டாகும். குழாய்கள் ஒன்றுக்கொன்று முன்பின் இருப்பது அப்போதுதான் தெரியும். பழைய விளக்குகள் பின்னாளில் எல்இடிக்கு மாறின. மின்செலவு குறைந்தது, நிறத்தின் அழுத்தம் கொஞ்சம் மாறியது. ஆனால் பச்சை வாயுவுக்கு, சிவப்பு இரும்புக்கு என்று நிறத்தை வைத்துப் பாடம் நடத்த முயலக்கூடாது. அது மேடை ஒளி, அவ்வளவுதான்.

உண்மையான விளக்கத்துக்கு வழிகாட்டியின் கையில் உள்ள சின்ன டார்ச் போதும். ஒளிக்கற்றை குறுகலாக விழ வேண்டும், வெளிச்சம் மிதமாக இருக்க வேண்டும். காற்று முனையில் ஒளியை வைத்து, வளையக் குழாய் வழியே மெல்ல மேலே நகர்த்தி, கௌப்பரில் கொண்டுபோய் நிறுத்தினால் இருபது பேரின் கண்ணும் ஒன்றாக நகரும். பகலில் "அதோ, அந்தக் குழாய்க்கு இடப்பக்கம், அந்தத் துருப்பிடித்த..." என்று விரல் நீட்டிக்கொண்டு நிற்பதைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

கெடுவதும் இதே இடத்தில்தான். இருட்டுக்குக் கண் பழகப் பத்து நிமிடம் வேண்டும், முழுசாகப் பழக அரைமணி. ஒரே ஒருவர் ஃப்ளாஷ் அடித்தால் எல்லோருக்கும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். தலையில் மாட்டும் விளக்கோடு வருகிறவர் பேசுகிறவரின் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவர் கண்ணைக் கூச வைக்கிறார். புறப்படும் முன்பே இதைச் சொல்லிவிட வேண்டும். நடுவில் சொன்னால் கடிந்துகொள்வதுபோல் ஆகிவிடும். படம் எடுக்க ஐந்து நிமிடம் தனியாக, அதுவும் கடைசியில் ஒதுக்கினால் சண்டை வராது.

தீப்பந்தம் ஏந்திச் செல்லும் சுற்றுகளுக்கு நல்ல வரவேற்பு உண்டு. பந்தத்தின் ஒளி ஆடும், துருவின் நிறம் பொன்னாகும், குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் பந்தம் ஏந்தியவருக்குத் தன் பந்தத்தைத் தாண்டி எதுவும் தெரியாது. கண் அந்தச் சுவாலைக்குப் பழகிவிடுவதால் எட்டடி தள்ளியிருக்கும் படி மறைந்துவிடும். மெழுகுப் பந்தம் ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் தாங்கும். காற்றடித்தால் அதற்கு முன்பே தீரும். சொட்டும் மெழுகுக்கு அட்டைத் தட்டு வேண்டும். பந்தத்தைக் காற்று போகும் பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் பொறி தன் மேலேயே விழும். நைலான், பாலியெஸ்டர் ஜாக்கெட்டில் ஒரு பொறி விழுந்தாலே ஓட்டை. முடிகிற இடத்தில் மணல் வாளி தயாராக இருக்க வேண்டும். பந்தத்தோடு தரைமட்டப் பாதை மட்டும்தான்; படியில் ஏற இரண்டு கையும் வெறுமையாக இருக்க வேண்டும்.

ஐந்தாம் உலையின் உச்சியில் சுமார் 70 மீட்டர் உயரத்தில் பார்வை மேடை இருக்கிறது. வழிகாட்டி இல்லாமலும் ஏறலாம். படிகள் பெரும்பாலும் கிரேட்டிங், அதாவது கம்பிச் சட்டம். காலடியில் கீழே உள்ளது அப்படியே தெரியும். பகலில் பயந்து பாதியில் நின்றவர்கள் இரவில் ஏறிவிடுவது உண்டு, ஆழம் கண்ணில் படாது என்பதால். சில இடங்களில் நேர்மாறாக நடக்கும். கீழிருந்து வரும் வண்ண ஒளி சட்டத்தின் வழியே மேலே அடிக்கும்போது தரையே இல்லாததுபோல் தோன்றும், தலை சுற்றும். அப்படி ஒரு தளம் வரப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லி, கைப்பிடியைப் பார்த்தபடி நடக்கச் சொல்வதுதான் வழி. ஹீல்ஸ் செருப்பு கம்பி இடுக்கில் சிக்கும். இலையுதிர் காலத்தில் பனி ஈரம், குளிர்காலத்தில் உறைபனி. இரும்புப் படியில் இரண்டும் சறுக்கும். உறைபனி இரவில் மேலே ஏற்றாமல் இருப்பதே உத்தமம், பணம் கட்டியவர்கள் முணுமுணுத்தாலும்.

ஏறும்போது குழு நீண்டுகொண்டே போகும். முன்னால் போகிறவர் மூன்றாம் தளத்தில் பேசத் தொடங்கும்போது கடைசி ஆள் முதல் தளத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார். இருபது இருபத்தைந்து பேருக்கு மேல் சேர்க்கக்கூடாது. கடைசி ஆளுக்குப் பின்னால் இன்னொரு பணியாளர் வர வேண்டும். ஒவ்வொரு தளத்திலும் தலை எண்ண வேண்டும். எந்த இடத்தில் பேச வேண்டும் என்பதும் முக்கியம். கூடத்துக்குள் எதிரொலி வார்த்தையைக் குழப்பும், மேலே காற்று வார்த்தையை அடித்துக்கொண்டு போகும். ஏதாவது ஒரு சுவரை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்று பேசினால் இரண்டும் குறையும்.

உச்சியில் பேச்சே தேவையில்லை. மேற்கே, இன்றும் எரியும் தைசன்குருப் நிறுவனத்தின் உலைகள் தெரியும். டூயிஸ்பர்க் இப்போதும் ஐரோப்பாவின் பெரிய உருக்கு நகரம். அங்கே புகையும் நீராவியும் கிளம்புவதைப் பார்த்தபடி, கீழே அணைந்து கிடக்கும் அதே வகை இயந்திரத்தின் தலையில் நிற்பது வேறு எந்த ஆலை அருங்காட்சியகத்திலும் எளிதில் கிடைக்காத ஒப்பீடு.

எப்போது, எப்படி

51 டிகிரி வடக்கில் உள்ள ஊர் என்பதை நம்மவர்கள் மறந்துவிடுவார்கள். ஜூன் கடைசியில் சூரியன் மறையவே இரவு 9.50 ஆகும், பத்தரைக்குத்தான் விளக்கின் நிறம் எடுபடும், வானம் முழுசாகக் கறுப்பதே இல்லை. டிசம்பரில் நாலரைக்கே இருட்டத் தொடங்கிவிடும். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அக்டோபர் அல்லது மார்ச் பொருத்தம்: ஏழு மணி வாக்கில் இருட்டும், குளிரும் தாங்கக்கூடியது. சூரியன் மறைந்த பிறகு அரைமணி நேரம் வானம் கருநீலமாக நிற்கும். ஆலையின் வெளிக்கோடு தெரிவது அப்போதுதான், ஆகவே சுற்றை அதற்கு முன்பே தொடங்கி, கல்லின் பாதையை மிச்ச வெளிச்சத்தில் முடித்துவிட வேண்டும். இரும்பின் பாதையை முழு இருட்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

விளக்குகள் எல்லா நாளும் எரிவதில்லை. செவ்வாய், புதன் என்று போய் ஏமாறாமல் பூங்காவின் அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் போகவும். டூயிஸ்பர்க் மத்திய ரயில் நிலையத்திலிருந்து 903 எண் டிராம். பூங்கா பெயரிலேயே நிறுத்தம், அங்கிருந்து பத்து நிமிட நடை. ஹாம் நகரத்து காமாட்சி அம்பாள் கோயில் தேருக்கு ஐரோப்பாவின் நாலா பக்கத்திலிருந்தும் தமிழர்கள் வருகிறார்கள். அங்கிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேர ரயில்தான். கோடைத் திருவிழா என்பதால் வெகுநேரம் வெளிச்சம் இருக்கும் என்பது ஒன்றே சங்கடம். கூட்டம் பிடிக்கும் என்றால் எக்ஸ்ட்ராஷிஷ்ட் என்ற தொழில் மரபு இரவு இருக்கிறது. 2001 முதல் கோடையில் ஒருநாள், ரூர் முழுக்க மாலை ஆறு முதல் பின்னிரவு இரண்டு வரை ஆலைகளும் சுரங்கங்களும் திறந்திருக்கும். கொண்டாட்டத்துக்குச் சரி, கற்றுக்கொள்ள அது நாளல்ல.

துருவும் வழிகாட்டியும்

இருட்டு மறைக்கும் செலவு ஒன்று உண்டு. ஆலை ஓடியபோது உலையின் சூட்டில் ஈரம் தங்காது. வருடாவருடம் பழுது பார்க்க ஒரு படையே இருந்தது. இப்போது சூடும் இல்லை, படையும் இல்லை. துரு முழுப் பரப்பிலும் ஒரே சீராகப் பிடித்தால் பயமில்லை. தகடும் தகடும் சேரும் மூலை, ரிவெட் வரிசையின் பின்பக்கம், தண்ணீர் வடிய வழியில்லாத குழிவு, இவற்றில்தான் தின்னும். தகடுகளுக்கிடையே துரு உப்பி, ரிவெட்டையே தெறிக்க வைக்கும். கான்கிரீட்டில் உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்துப் பெருத்து, வெளிப்பூச்சைக் கட்டிகட்டியாக உதிர்க்கும். சுற்றுப் பாதைக்கு மேலே இருப்பதைத்தான் முதலில் சோதிக்க வேண்டும், காலடியில் இருப்பதை இரண்டாவதாக. ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் பகல் வெளிச்சத்தில் ஒருவர் பாதை முழுக்க நடந்து பார்க்காமல் அன்றிரவு ஆட்களை விடக்கூடாது. பராமரிப்புப் பணத்தில் பெரும்பங்கு யாரும் படம் எடுக்காத வடிகாலுக்கும் தாங்கு தூணுக்கும் போகிறது. வண்ண விளக்குக்கு ஆதரவாளர் கிடைப்பார்கள், வடிகாலுக்குக் கிடைக்க மாட்டார்கள்.

இன்னொரு தேய்மானம் மனிதர்களில். தொடக்க காலத்தில் இங்கே வேலை பார்த்தவர்களே சுற்றிக் காட்டினார்கள். எந்த வால்வு மக்கர் செய்யும், எந்த மூலையில் குளிருக்கு ஒதுங்குவார்கள் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. 1985-ல் இருபது வயதில் இருந்தவருக்கே இன்று அறுபது தாண்டிவிட்டது. 70 மீட்டர் ஏற அவர்களைக் கேட்க முடியாது. புதிய தலைமுறை வழிகாட்டிகளுக்கு உலை தெரியும், ஆனால் அதன் சூடு தெரியாது. பயிற்சியில் இதை ஈடுகட்ட வேண்டுமென்றால் கதைகளை மனப்பாடம் செய்வது போதாது. ஒவ்வொரு கதைக்கும் சாட்சி வேண்டும் என்று கேட்பவர்கள் குழுவில் எப்போதும் இருவர் இருப்பார்கள்.

பையில் மூன்று துண்டுகள் வைத்திருப்பது நல்ல வழி. ஒன்று கனிமம்: கையளவு துண்டுக்கு எதிர்பாராத கனம், விரலில் செம்மண் சாயம் ஒட்டும். ஒன்று கற்கரி: அதே அளவுக்குப் பஞ்சுபோல் லேசு, முழுக்கத் துளை, இரண்டை உரசினால் உலோகம்போல் சத்தம் கேட்கும். கனிமமும் கற்கரியும் மாறிமாறி அடுக்கப்பட்டு, மேலே உள்ள பாரம் முழுவதையும் நொறுங்காமல் தாங்கிக்கொண்டே காற்றுக்கும் வழிவிட வேண்டியது இந்தத் துளைபோட்ட கரிதான் என்பது அதைக் கையில் வாங்கியவுடன் புரியும். மூன்றாவது கசடு: கண்ணாடிபோல் உடையும், ஓரம் கூர், ஆகவே துணியில் சுற்றிக் கொடுக்க வேண்டும். பங்கருக்குப் பக்கத்தில், டார்ச்சை அணைத்துவிட்டு, முதலில் கனிமத்தையும் பிறகு கற்கரியையும் கைமாற்ற வேண்டும். கசடு வார்ப்புக் கூடம் வரும்வரை பையிலேயே இருக்கட்டும்.